சரித்திரப் பேரேடும் சான்றுச் சீட்டும்



இந்த மாதப் பாடம் சற்றே வேறு விதமானது. கொள்முதலையோ வரியையோ பற்றியதன்று. இணையத்திலுள்ள கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவில் நம் முன்னோர் சரித்திரத்தை எழுதுவது எப்படி, எழுதியது நிலைத்து நிற்கச் சான்று தேடுவது எப்படி என்பதே விஷயம். இதை எழுதுகிறவன் பெரிய படிப்பாளியல்லன். மதரஸாவிலும் தொடக்கப் பள்ளியிலும் படித்ததோடு சரி. ஆயினும் கடைக்காரனுக்குக் கணக்குத் தெரியும். சான்று தேடுவதும் ஒருவகைக் கணக்கு வேலைதான்.

விக்கிப்பீடியா 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிற்று. தமிழ்ப் பதிப்பு 2003-இல் பிறந்தது. சம்பளம் வாங்கி எழுதும் ஆசிரியர் குழு அதற்கு இல்லை. பல தேசத்திலுள்ளவர்களும் தத்தம் ஓய்வு நேரத்தில் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துகிறார். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை மாற்றினார் என்பதெல்லாம் ஒவ்வொரு கட்டுரையின் பின்னாலும் பதிவாகியிருக்கும். பேரேட்டில் ஒரு தொகையை அடித்துத் திருத்தினால் அடித்த கோடு தெரியுமல்லவா, அதுபோல.

"யார் வேண்டுமானாலும் எழுதலாமாமே" என்று கேள்விப்பட்டதும் நம்மவர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார், அப்படியானால் அதை எப்படி நம்புவது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மற்றொரு சாரார், அப்படியானால் நம் பாட்டனார் பெருமையை இன்றிரவே ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். மறுநாள் பார்த்தால் எழுதியது காணாமற்போயிருக்கும். "நம் சமூகத்தின் மீது பொறாமை" என்று ஒரு பேச்சும் அதோடு கிளம்பும். பொறாமையும் இல்லை, ஒன்றும் இல்லை. சீட்டில்லாமல் எழுதிய பற்றைக் கணக்கப்பிள்ளை தள்ளிவிட்டார், அவ்வளவே.

நமக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சிங்கப்பூரிலோ பினாங்கிலோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று, சூலியா என்பவர் யார், தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் அந்தத் தர்காவைக் கட்டியவர் யார் என்று அறிய விரும்பினால் முதலில் புரட்டுவது இந்தக் கலைக்களஞ்சியத்தைத்தான். அதில் இருப்பது அந்தப் பிள்ளைக்குச் சரித்திரம், இல்லாதது நடக்காதது. இரு நூறு ஆண்டுகளாக இந்தக் கரையில் கடை வைத்தவர்கள், பள்ளிவாசல் கட்டியவர்கள், பத்திரிகை நடத்தியவர்கள் நாம். நம்மைப் பற்றிய வரிகளை எல்லாம் பிறரே எழுதட்டும் என்று விட்டுவிட்டால், அவர்களுக்கு அகப்பட்ட அளவுக்குத்தான் நாம் இருப்போம்.

இனி விஷயத்துக்கு வருவோம். அந்தக் கலைக்களஞ்சியத்தின் முதல் விதி இது: எழுதுகிற செய்தி ஏற்கெனவே நம்பத்தக்க இடத்தில் அச்சாகியோ வெளியாகியோ இருக்கவேண்டும், வாசகர் விரும்பினால் அந்த இடத்துக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ள முடியவேண்டும். நமக்கு உண்மையென்று தெரிந்தால் மட்டும் போதாது. சொந்தமாக ஆராய்ந்து கண்டுபிடித்ததை அங்கே முதன்முதலாக வெளியிடவும் கூடாது.

"எங்க வாப்பா சொன்னதைவிட என்ன சான்று வேணும், நானா?" என்று ஒரு தம்பி கேட்கக்கூடும். வாப்பா பொய் சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஈப்போவிலுள்ள வாசகர் வாப்பாவிடம் போய்க் கேட்க முடியாதே.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது நன்கு விளங்கும். சிங்கப்பூரில் நம்மவர் எழுப்பிய மூன்று பழைய தலங்கள் உண்டு: சவுத் பிரிட்ஜ் ரோட்டில் பெரிய பள்ளி என்று நம்மவர் அழைக்கும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் குச்சுப் பள்ளி எனப்பட்ட அல் அப்ரார் பள்ளிவாசல், அதே தெருவில் நாகூர் தர்கா. மூன்றும் 1974-இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. இவை எப்போது கட்டப்பட்டவை? நான்கு பேரைக் கேட்டால் நான்கு வருஷம் சொல்வார்கள். நால்வரும் ஏதாவதொரு புத்தகத்தில் படித்ததைத்தான் சொல்வார்கள். அப்படியானால் யார் சொல்வது சரி?

பெரிய பள்ளியை முதலில் பாருங்கள். பள்ளிவாசல் அமைந்தது 1826. அன்சார் சாயபு என்பவர் தலைமையில் சூலியா முஸ்லிம்கள் நிறுவினார்கள் என்று நூல்கள் கூறுகின்றன. இன்று நாம் பார்க்கும் கட்டடமோ 1830-க்கும் 1835-க்கும் இடையில் எழுந்தது. ஆகவே 1826 என்பவரும் 1835 என்பவரும் பிழை செய்யவில்லை. ஒருவர் ஜமாஅத்தின் பள்ளிக்கு வருஷம் சொல்கிறார், மற்றவர் சுவருக்கு வருஷம் சொல்கிறார். குச்சுப் பள்ளியில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. 1827-இல் அது ஓலைக் குடிசை. அந்தப் பெயரே அதனால்தான் வந்தது. செங்கல் கட்டடம் 1850-க்கும் 1855-க்கும் இடையில் கட்டப்பட்டது. கால் நூற்றாண்டு வித்தியாசம். "1827-இல் கட்டப்பட்ட இந்தக் கட்டடம்" என்று படத்துக்குக் கீழே எழுதிவிட்டால் படித்தவர் அந்தத் தூண்களையும் வளைவுகளையும் 1827-ஐச் சேர்ந்தவை என்று நினைத்துக்கொள்வார்.

தர்காவில் மூன்றாவது வகைத் தேதி ஒன்று வருகிறது. அந்த நிலம் 1827-இல் வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படவேண்டும் என்ற நிபந்தனையோடு காதர்பிள்ளை என்பவருக்குக் குத்தகையாகக் கிடைத்தது. கட்டட வேலை 1828 முதல் 1830 வரை நடந்தது. 1827 என்ற வருஷத்தைக் குத்தகைப் பத்திரத்தில் பார்த்துவிட்டு, "1827-இல் தர்கா கட்டப்பட்டது" என்று எழுதினால் அது தப்பு. கடை வாடகை ஒப்பந்தம் போட்ட நாளும் கடை திறந்த நாளும் ஒன்றாகுமா? பத்திரம் எழுதி, அலமாரி அடித்து, சரக்கு இறக்கித் திறப்பதற்குள் எத்தனை நாள் ஆகிறதென்று நமக்கல்லவா தெரியும்! அந்தத் தலம் பிறகு பழுது பார்க்கப்பட்டு 2011-இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. ஆக நான்கு வருஷங்கள், நான்கு வெவ்வேறு காரியங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி வாக்கியமாக எழுதி, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அதற்குரிய சான்றை இடவேண்டும். அப்படி எழுதினால் பின்னால் வருகிறவர் ஒன்றை நீக்கி மற்றொன்றை எழுதிச் சண்டையிட வழியில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சான்று என்ன சொல்கிறதோ அதை மட்டுமே எழுதவேண்டும். அரை அங்குலம்கூட இழுக்கக்கூடாது. 1935-இல் தொடங்கிய தமிழ் முரசில் பழைய கடை விளம்பரங்கள் ஏராளம். ஓர் உதாரணத்துக்கு, 1938-ஆம் ஆண்டு இதழ் ஒன்றில் மார்க்கெட் ஸ்திரீட் கடையொன்றின் விளம்பரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த விளம்பரம் எதை நிரூபிக்கிறது? அந்தத் தேதியில் அந்தப் பெயரில் அந்த முகவரியில் ஒரு கடை இருந்தது, இன்ன சரக்கு விற்பதாகச் சொல்லிக்கொண்டது, அவ்வளவே. 1938-இல் கடை தொடங்கிற்று என்பதற்கு அது சான்றாகாது. முதல் விளம்பரம் என்று நாம் நினைப்பது நமக்கு முதலில் அகப்பட்ட விளம்பரமாக இருக்கலாம். "தரத்தில் சிறந்த சரக்கு" என்று அதில் அச்சிட்டிருந்தால் அதற்கும் அது சான்றாகாது. விளம்பரத்தில் வேறு எப்படி எழுதுவார்கள்?

அடுத்தது, ஒரே செய்தியைப் பத்து இடத்தில் பார்த்தால் பத்துச் சான்று என்று மயங்குவது. இணையத்தில் இது பெரிய ஆபத்து. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போடுகிறார்; அவரிடமிருந்து மூன்றாமவர். பத்தையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே ஆளிடம் போய் நிற்கும். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதன்று. ஹதீஸ் கலையில் ஸனது என்று ஓர் அறிவிப்பாளர் சங்கிலி இருக்கிறதே, அதன் வேலையே இதுதான்: இவருக்கு யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், அந்த இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, சந்தித்திருக்கக்கூடியவர்களா என்று விடாமல் கேட்பது. இமாம் புகாரி முதலிய பெருமக்கள் ஊர் ஊராய் அலைந்து இதைச் செய்தார்கள். அந்தக் கேள்வியை நாம் ஒரு கட்டட வருஷத்துக்குக் கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் பத்துச் சான்று பெரும்பாலும் ஒன்றரையாகச் சுருங்கிவிடும்.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. கலைக்களஞ்சியத்தில் யாரோ தப்பான வருஷத்தைச் சான்றில்லாமல் எழுதிவிடுகிறார். ஒரு பத்திரிகைக்காரர் அவசரத்தில் அதை எடுத்துத் தம் கட்டுரையில் போட்டுவிடுகிறார். பிறகு வேறொருவர் அந்தப் பத்திரிகையையே சான்றாகக் காட்டி அந்த வருஷத்துக்கு அடிக்குறிப்பு இட்டுவிடுகிறார். தன் கடைக்குத் தானே பில் எழுதிக்கொண்டு அதைக் கொள்முதல் கணக்கில் வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆகவே, புதிதாக வந்த கட்டுரையைச் சான்றாக எடுப்பதற்கு முன், அந்தச் செய்தி கலைக்களஞ்சியத்தில் எந்தத் தேதியில் ஏறிற்று என்பதைப் பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது. கலைக்களஞ்சியத்தின் ஒரு கட்டுரையையே மற்றொன்றுக்குச் சான்றாக வைப்பதும் அங்கே செல்லாது.

"முதல்" என்ற சொல் வருமிடத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். நம்மவர்க்கு இந்தச் சொல்லின் மீது ஒரு தனிப் பிரியம். சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் நடத்திய சிங்கை நேசன் வாரப் பத்திரிகை 1887 ஜூன் மாதம், விக்டோரியா ராணியாரின் பொன்விழாச் சமயத்தில் தொடங்கி 1890 வரை வெளிவந்தது. சிங்கப்பூரின் முதல் தமிழ்ப் பத்திரிகை இதுவே என்று மேடைகளில் பேசக் கேட்டிருப்பீர்கள். ஆனால் 1875-இலேயே சிங்கை வர்த்தமானி என்ற இதழை அவரே நடத்தியதாக ஆய்வு நூல்கள் குறிப்பிடுகின்றன. இதழ்கள் பாதுகாக்கப்பட்டு இன்றும் நாம் எடுத்துப் படிக்கக் கூடியது சிங்கை நேசனே. எனவே, "இதழ்கள் கிடைப்பனவற்றுள் மிகப் பழைய சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகை" என்று எழுதினால் அது நிற்கும். அதில் பெருமை குறைந்துவிடவில்லை. அதுபோலவே, சிங்கப்பூரில் அச்சான தமிழ்ப் புத்தகங்களில் இதுவரை அறியப்பட்டவற்றுள் பழையது முஹம்மது அப்துல் காதிர் புலவரின் முனாஜாத்துத் திரட்டு, ஆண்டு 1872. "இதுவரை அறியப்பட்டவற்றுள்" என்ற இரண்டு சொல்லை வீணென்று எண்ணி வெட்டிவிடாதீர்கள். நாளைக்கு ஏதேனும் ஒரு பழைய பெட்டியிலிருந்து 1871-ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்று வெளிவந்தாலும் அந்த இரண்டு சொல் உங்கள் வாக்கியத்தைக் காப்பாற்றும்.

எங்கே தேடுவது? சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதல் பலவும் அதில் உண்டு. வீட்டிலிருந்தபடியே புரட்டலாம், கட்டணமில்லை. விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகக் கட்டடத்தில் லீ கொங் சியான் ஆய்வு நூலகம் இருக்கிறது. பினாங்கைப் பற்றி எழுத விரும்புகிறவர்க்கு, கூ சல்மா நசூதியன் ஆங்கிலத்தில் எழுதி 2014-இல் வெளிவந்த பினாங்குச் சூலியாக்களைப் பற்றிய நூல் ஒரு பெரும் களஞ்சியம். 1786 முதல் 1957 வரையிலான காலத்தை அது விரிவாகச் சொல்கிறது. ஒரு தலைப்பில் எழுதத் தொடங்குமுன் அப்படிப்பட்ட நூல் ஒன்றையாவது முழுதும் படித்துவிட வேண்டும். கண்ணுக்குப் பட்ட துண்டுச் செய்தியை வைத்துக்கொண்டு எழுதுகிறவர், மூட்டையைப் பிரிக்காமல் மாதிரிச் சரக்கை மட்டும் பார்த்து வாங்குகிறவரைப் போன்றவர்.

தேடும்போது நம்மவர் தடுக்கி விழுமிடம் பெயர்தான். அக்கால ஆங்கில எழுத்தர்கள் நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள். மொஹிதீன் என்ற ஒரே பெயர் மைதீன், மெய்தீன், முகைதீன், மொஹுதீன் எனப் பல உருவெடுக்கும். 1801-இல் பினாங்கில் அமைந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் நிறுவனர் காதிர் மொஹிதீன் அவர்கள், ஒரு நூலில் கவ்தர் மொஹுதீன், மற்றொரு நூலில் காதர் மைதீன் மெரிக்கான். இருவரும் ஒருவரே என்று தெரியாதவர் இரண்டு கட்டுரை எழுதிவிடுவார். தேடுமுன் ஒரு தாளில் அந்தப் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். போதாததற்கு, பழைய அச்சைப் படிக்கும் இயந்திரமும் எழுத்துகளைத் தப்பாகப் படித்து வைத்திருக்கும். ஆள் பெயரில் அகப்படாதது சில சமயம் தெருப் பெயரில் அகப்படும்.

தெருப் பெயரும் மாறியிருக்கும் என்பதை மறக்கவேண்டாம். சூலியா ஸ்திரீட் ஒரு காலத்தில் கிளிங் ஸ்திரீட் எனப்பட்டது. 1920-களில்தான் பெயர் மாறிற்று. அதற்கு முந்திய கடைகளைத் தேடுகிறவர் பழைய பெயரையே போட்டுத் தேடவேண்டும். அந்தச் சொல் நம்மவர் காதுக்கு இனிக்காததுதான். ஆனால் பழைய பதிவுகளில் அதுவே இருக்கிறது; சொல்லை வெறுத்தால் செய்தியும் போய்விடும்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வெட்டுகளிலும் மீஸான் கற்களிலும் ஹிஜ்ரி வருஷம்தான் இருக்கும். ஹிஜ்ரி 1304 என்றால் அது 1886 செப்டம்பர் கடைசியில் பிறந்து 1887 செப்டம்பரில் முடிகிறது. மாதம் தெரியாமல் வருஷம் மட்டும் தெரிந்தால் "1886-87" என்றே எழுதவேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க நமக்கு அதிகாரமில்லை. பழைய கணக்கேடுகளிலோ தமிழ் வருஷப் பெயர் இருக்கும். "சர்வசித்து வருஷம்" என்று ஒரு சிட்டையில் கண்டால் மயங்கிவிடாதீர்கள். 1887-இல் பிறந்ததும் சர்வசித்து, 1947-இல் பிறந்ததும் சர்வசித்து. அறுபது வருஷத்துக்கொரு முறை அதே பெயர் திரும்பி வரும். காகிதத்தையும், அதிலே குறித்திருக்கும் விலைவாசியையும், டாலரா ரூபாயா என்பதையும் பார்த்துத்தான் எந்தச் சர்வசித்து என்று தீர்மானிக்க முடியும். அந்தத் தீர்மானமும் ஓர் ஆய்வாளர் எழுதி வெளியான பிறகுதான் கலைக்களஞ்சியத்துக்குப் போகலாம்.

இங்கேதான் நம் சமூகத்தின் உண்மையான இடைஞ்சல் இருக்கிறது. பெரிய ஐரோப்பியக் கம்பெனிகள் தங்கள் சரித்திரத்தை அச்சில் எழுதி வைத்தன. நம்மவர் அதை நெஞ்சில் எழுதி வைத்தார்கள். நெஞ்சில் உள்ளதைக் கலைக்களஞ்சியம் ஏற்காது. இந்த விதி நம்மைப் போன்றவர்க்குக் கொஞ்சம் கடுமைதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் விதியைத் தளர்த்தினால் நாளைக்கு யார் என்ன சொன்னாலும் ஏற்கவேண்டி வருமே. ஆகையால் விதியோடு மல்லுக்கு நிற்பதைவிட, நெஞ்சில் உள்ளதை முறைப்படி வெளியில் கொண்டுவருவதே நமக்கு லாபம்.

உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் தஞ்சோங் பகாரில் தொடங்கிய பள்ளி அது, 1982-இல் மூடப்பட்டது. அதில் படித்தவர்கள் இன்றும் நம் கடைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வாத்தியார் எந்த வகுப்பு எடுத்தார், கட்டட நிதிக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் 1979 முதல் வாய்மொழி வரலாற்று நிலையம் இயங்குகிறது. தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. முறையாகப் பேட்டி கண்டு, ஒலிப்பதிவு செய்து, எண் கொடுத்து வைக்கிறார்கள். அப்படிப் பதிவான பேட்டியை யாரும் கேட்டுப் பார்க்கலாம், ஆய்வாளர் எடுத்தாளலாம், அவர் எழுதிய நூலை நாம் சான்றாக வைக்கலாம். கடைத் திண்ணையில் தேநீரோடு சொல்லும் அதே கதைக்கு அந்தத் தகுதி கிடையாது. கதையில் குறையில்லை, அது நிற்பதற்கு இடமில்லை என்பதுதான் குறை.

கணக்கேடுகளும் அப்படியே. கடையை மூடும்போதும் இடம் மாற்றும்போதும் முதலில் குப்பைக்குப் போவது பழைய பேரேடுகள்தாம். வரிக்காரர் கேட்கும் காலம் கடந்துவிட்டதென்று எறிந்துவிடுகிறோம். அந்த ஏட்டில் எந்தக் கப்பலில் சரக்கு வந்தது, நாகப்பட்டினத்து வெங்காயம் என்ன விலை விற்றது, எந்தப் பள்ளிவாசலுக்கு மாதம் என்ன கொடுத்தோம் என்பதெல்லாம் இருக்கிறது. இவை வேறெந்தப் புத்தகத்திலும் இல்லை. சில ஏடுகள் அரபுத்தமிழில் எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்தைத் தட்டில்லாமல் படிக்கக்கூடியவர்கள் நம்மில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் திகைக்குமிடத்தில் பழைய மதரஸாவில் ஓதிய ஒரு பெரியவர் ஐந்து நிமிஷத்தில் படித்துச் சொல்லிவிடுவார். எறிவதற்கு முன் நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு வார்த்தை சொல்லி, வந்து பார்க்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஏடு சான்றாகாது. காப்பகத்தில் எண்ணோடு இருக்கும் ஏடு சான்றாகும் வழியில் இருக்கிறது.

நம் சங்கங்கள் வெளியிடும் ஆண்டு மலர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். இவை சான்றாகுமா? பாதி ஆகும். இன்ன ஆண்டில் இன்னார் தலைவராயிருந்தார், கூட்டம் இந்த மண்டபத்தில் நடந்தது என்பது போன்ற சாதாரணச் செய்திக்கு ஆகும். "சமூகத்தின் விடிவெள்ளி", "ஒப்பற்ற வள்ளல்" என்பதற்கு ஆகாது. நம்மைப் பற்றி நாமே சொன்னதல்லவா! கலைக்களஞ்சியத்தில் வள்ளல் என்ற சொல்லையே விட்டுவிட்டு, எந்த ஆண்டில் எந்தக் காரியத்துக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தார் என்று எழுதி அதற்குப் பத்திரிகைச் செய்தியைச் சான்றாகக் காட்டினால் வாசகர் தாமே அவரை வள்ளல் என்று சொல்லிக்கொள்வார். சொந்தக் கடையைப் பற்றியும் சொந்தக் குடும்பத்தைப் பற்றியும் தாமே எழுதுவதை அங்கே விரும்பமாட்டார்கள். எழுதியே ஆகவேண்டுமென்றால், கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் "நான் இன்னார், இந்தச் செய்தி விட்டுப்போயிருக்கிறது, சான்று இது" என்று வைத்துவிட்டு, வேறொருவர் சேர்க்கும்படி கேட்கலாம். எல்லாக் கடைக்கும் தனிக் கட்டுரை கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெருவைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரியாக இடம் பெற்றாலே போதும். அந்த ஒரு வரி சான்றோடு இருந்தால் பல்லாண்டு நிற்கும்.

செய்முறை கடினமானதன்று. கணக்கொன்று தொடங்கியதும் மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கம் கிடைக்கும்; அதில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதி அழிக்கலாம். புத்தகத்திலிருந்து வரிகளை அப்படியே எடுத்துப் போடக்கூடாது. படித்து மூடிவிட்டுச் சொந்தச் சொற்களில் எழுதவேண்டும். நாம் எழுதியதை ஒருவர் நீக்கிவிட்டால் உடனே மறுபடி ஏற்றாமல், ஏன் நீக்கினீர் என்று உரையாடல் பக்கத்தில் மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் காரணம் சொல்வார்கள். அவர் சொல்வது சரியல்லவென்றால் நம் சான்றை எடுத்து வைத்தால் போதும், குரல் உயர்த்த வேண்டியதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர் நேரே புதுக்கட்டுரை எழுத முற்படவேண்டாம். ஏற்கெனவே உள்ள கட்டுரையொன்றில் சான்றில்லாமல் நிற்கும் ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு சான்று தேடிப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்று போதும். நூலகத்துக்குப் போகிறவர் நூலாசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பித்தவர், ஆண்டு, பக்க எண் இவ்வைந்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளவேண்டும். பத்திரிகையானால் இதழின் பெயரும் தேதியும் பக்கமும். முக்கியமாகப் பக்க எண். அதை மட்டும் மறந்துவிட்டு வந்தால், அந்த ஒரு எண்ணுக்காக மறுவாரம் கடையைப் பையன் கையில் விட்டுவிட்டு மறுபடியும் பஸ் ஏறவேண்டியிருக்கும்.